பிள்ளைகளின் அசைவுத் திறனை மதிப்பிடுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

ஸ்டாப்வாட்சும் அளவு நாடாவும் இப்போதைக்குப் பைக்குள்ளேயே இருக்கட்டும். 8 வயதுப் பிள்ளை பந்தை வெகுதூரம் எறிந்தால், எறியத் தெரிந்த பிள்ளை என்று ஆகிவிடாது. வயதுக்கு மீறிய உடல்வாகாகவும் இருக்கலாம். நாம் பார்க்கப் போவது உடல் அந்த எறிதலை எப்படிச் செய்கிறது என்பதை.

படி 1: நாலே திறன்கள்

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் டிஜிஎம்டி-3 (TGMD-3, பிள்ளைகளின் பெருந்தசை அசைவு வளர்ச்சியைப் பார்ப்பது) என்ற சோதனை 3 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. ஓட்டம், தாவல் போன்ற இடம்பெயர் திறன்கள் 6, பந்துத் திறன்கள் 7, ஆக 13. பழகும் ஆள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். நொண்டி அடித்தல், நின்ற இடத்திலிருந்து நீளத் தாவல், பந்து பிடித்தல், தோளுக்கு மேலாகப் பந்தெறிதல் போதும்.

படி 2: இடம்

வழுக்காத சமதளம், ஒரு சுவர், டென்னிஸ் பந்து. பக்கவாட்டில் ஒரு மொபைல், பெற்றோர் சம்மதத்தோடு. மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது; சிரிப்புச் சத்தம் கேட்டதுமே கூச்சமுள்ள பிள்ளையின் கைகால் இறுகிவிடும்.

படி 3: செய்து காட்டுங்கள், சொல்லிக் கொடுக்காதீர்கள்

நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். பிள்ளை ஒருமுறை பழகிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு வரும் இரண்டு முயற்சிகளுக்குத்தான் மதிப்பெண். "காலை முன்னால வை" என்று நுனிநாக்கு வரை வந்துவிடும், அதிலும் ஆசிரியராக இருந்தால் கேட்கவே வேண்டாம். அடக்கிக்கொள்ளுங்கள். சொல்லலாம் என்றால் "முழு பலத்தோட எறி" என்பது மட்டும். மெல்லப் போடும் பந்துக்கு உடலைத் திருப்பத் தேவையே இல்லை. திறன் இருந்தாலும் வெளியே தெரியாது.

படி 4: மதிப்பெண்

உதாரணத்துக்குப் பந்தெறிதலை எடுத்துக்கொள்வோம். அதில் கவனிக்க வேண்டியவை நாலு. கை கீழிறங்கிப் பின்னால் சுழன்று வருகிறதா? இடுப்பும் தோளும் திரும்பி, எறியாத பக்கம் சுவரைப் பார்க்கிறதா? எறியும் கைக்கு எதிர்க் கால் முன்னே வருகிறதா? பந்து விட்டபின் கை உடலுக்குக் குறுக்காக மறுபக்க இடுப்பு நோக்கி இறங்குகிறதா? இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அரை மதிப்பெண் கிடையாது. "கிட்டத்தட்ட செஞ்சுட்டான்" என்பதும் 0 தான். இரண்டு முயற்சிக்கும் சேர்த்து 8.

ஒரே எறிதலில் நாலையும் கண்ணால் பிடிக்க முடியாது. வீடியோவை மெதுவாக ஓட்டி முதலில் காலை மட்டும், அடுத்து இடுப்பை, பிறகு கையைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் அதே வீடியோவுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். இரண்டும் வெகுவாக மாறினால் பயிற்சி தேவைப்படுவது முதலில் உங்களுக்கு.

படி 5: கூட்டுத்தொகைக்குள் பாருங்கள்

இரண்டு பிள்ளைகளுக்கும் 8க்கு 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை முதல் முயற்சியில் எல்லாம் தவறி, இரண்டாவதில் நாலும் சரி. இன்னொரு பிள்ளைக்கு இரண்டு முறையும் கையசைவு சரி, எதிர்க் காலும் உடல் திருப்பமும் இரண்டு முறையும் இல்லை. முதல் பிள்ளைக்குத் திறன் வந்துவிட்டது, நிலைக்கவில்லை. நிறைய எறிய விடுங்கள். இரண்டாவது பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இருக்கிறது. தரையில் ஒரு கால் தடம் வரைந்து அதை மிதித்து எறியச் சொல்வதில் தொடங்கலாம்.

இந்தத் தாளை வைத்து எந்தப் பிள்ளைக்கும் குறைபாடு என்று முத்திரை குத்தாதீர்கள். அதற்கு வயதுவாரியான ஒப்பீட்டு அட்டவணையோடு கூடிய முழுச் சோதனையும், அதில் பயிற்சி பெற்றவரும் வேண்டும். ஆனால் பொத்தான் போடுவது, எழுதுவது, படியேறுவது என்று அன்றாட வேலைகளிலும் பிள்ளை தொடர்ந்து தடுமாறினால் குழந்தை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டச் சொல்லுங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததைத் திடீரெனச் செய்ய முடியாமல் போனால் காத்திருக்கவே வேண்டாம்.

மற்றவர்களுக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதே பந்து, சுவரிலிருந்து அதே தூரம், மொபைல் வைத்த அதே இடம்.