புலமைப்பரிசில், நிதியுதவி: நாங்கள் விட்ட பிழைகளை நீங்கள் விடவேண்டாம்

போன மாதம் பக்கத்து ஊர்ச் சனசமூக நிலையத்துப் பெடியள் மூன்று பேர் ஒரு பைலோடு வீட்டுக்கு வந்தார்கள். வெளிநாட்டுக் கல்வி அறக்கட்டளை ஒன்று அவர்களுடைய வாசிகசாலைக்குக் காசு கொடுத்திருக்கிறது. புத்தக அலுமாரி இரண்டும் செய்து முடிந்தது, மிச்சக் காசு வங்கியில் கிடக்கிறது. "மிச்சத்துக்குக் கரப்பந்தாட்ட வலையும் தூணும் போடப்போறம் ரீச்சர். அறிக்கையை எப்பிடி எழுதுறதெண்டு சொல்லித் தாங்கோ" என்றார்கள். அறக்கட்டளையிடம் கேட்டீர்களா என்றேன். "நல்ல விசயத்துக்குத்தானே ரீச்சர்" என்றான் செயலாளர் பெடியன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு பதறிவிட்டது. 2018இல் அதே சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். முடிவுத் திகதி பிந்துவது, கையொப்பம் மறப்பது, படம் ஒட்டாமல் அனுப்புவது இவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்தும்.

யுத்தத்தை எழுதிப் பிள்ளையை எழுதாமல் விடுவது

வன்னியிலிருந்து போகும் விண்ணப்பக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரித் தொடங்கும். இடம்பெயர்வு, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் முகாம், மீள்குடியேற்றம். ஊரில் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார், எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரே எழுதிக் கொடுப்பார். ஒரு காலத்தில் அந்த ஒருவர் நான்தான். எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் 2009இல் பிறந்த குழந்தைகளே இப்போது சாதாரண தரம் எழுதி முடிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். தெரிவுக்குழுவில் இருப்பவர் நாற்பது கடிதங்களில் அதே இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளை யார், இவளுக்கு என்ன வேண்டும் என்று தேடுகிறார். கடிதத்தில் அது இல்லை.

விசுவமடுவில் ஒரு பிள்ளை. உயிரியல் வகுப்புக்குக் கிளிநொச்சிக்குப் போய்வருவாள். கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பை அரைவாசியில் விட்டுவிட்டு ஓடுவாள். அவள் கேட்டது மாதத்தில் நான்கு நாள் தங்குமிடச் செலவு மட்டும். அதை எட்டு வரியில் அவளே எழுதினாள், கிடைத்தது. குடும்பம் பட்டபாட்டை ஒரு பந்தியில் சொல்லுங்கள், அதற்கு ஒருவரும் தடை சொல்லமாட்டார்கள். மிச்ச இடம் பிள்ளைக்கு.

தகப்பன் பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி

படிவத்தில் 'தந்தை: உயிருடன் உள்ளார் / இறந்துவிட்டார்' என்று இரண்டு பெட்டி இருக்கும். எங்கள் ஊர்களில் மூன்றாவது பெட்டி தேவைப்படும் வீடுகள் எத்தனையோ. உதவிக்கு வரும் இளம் ஆட்கள், வேலை சுலபமாக முடியட்டும் என்று 'இறந்துவிட்டார்' என்பதில் புள்ளடி போட்டுவிடுகிறார்கள். அடுத்த கிழமை அறக்கட்டளை மரணச் சான்றிதழ் கேட்கும். தாயிடம் அது இருக்காது. இருந்தாலும் சிலர் அதை வெளியில் எடுக்க மாட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக மனிசனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு முன்னால் அந்தப் புள்ளடியைப் போடும் உரிமை எங்களுக்கு இல்லை.

2010இன் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2016இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி காணாமற்போனவரின் குடும்பம், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அது இருந்தால் இணைக்கலாம். இல்லையென்றால் இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டு, பக்கத்தில் 'காணாமற்போனவர்' என்று எழுதி, கிராம அலுவலரின் கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். நான் அனுப்பிய எந்த அறக்கட்டளையும் அதை மறுத்ததில்லை. தாயிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள்.

கேட்காமல் காசின் நோக்கத்தை மாற்றுவது

எங்கள் ஊரில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த இங்கிலாந்திலுள்ள ஓர் அறக்கட்டளை ஒரு வருடத்துக்குப் பணம் தந்தது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்களின் கொடுப்பனவுக்கான காசு அது. இரண்டு தவணை. நான் அப்போது சனசமூக நிலையச் செயலாளர்.

இரண்டாம் தவணை 2018 டிசம்பரில் கணக்குக்கு வந்தது. டிசம்பர் 21 இரவு அந்தப் பெருமழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தன, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாகின. எங்கள் சனம் பாடசாலைக் கட்டடத்தில் பாயை விரித்துக்கொண்டு இருந்தது. வீடு பார்க்கத் திரும்பியவர்கள் நனைந்து ஊதிய கொப்பிகளையும் புத்தகப் பைகளையும் வேலியில் காயப் போட்டிருந்தார்கள். ஜனவரியில் பாடசாலை தொடங்கவேண்டும். நிர்வாகக் குழு பாடசாலை மாமரத்தடியில் கூடியது. கணக்கில் காசு கிடக்கிறது, பிள்ளைகளிடம் கொப்பி இல்லை. கை உயர்த்தச் சொன்னோம், எல்லாக் கையும் உயர்ந்தது. கொப்பி, பை, சப்பாத்து வாங்கினோம். ஒரு சதம் வீண்போகவில்லை, எல்லாப் பற்றுச்சீட்டும் என் கையில் இருந்தது. வகுப்புக்குப் பிறகு எங்கேயாவது காசு பார்க்கலாம் என்று நினைத்தோம்.

ஏப்ரலில் அறிக்கை எழுதினேன். சப்பாத்தோடு நிற்கும் பிள்ளைகளின் படங்களை இணைத்தேன். பாராட்டி எழுதுவார்கள் என்றே எதிர்பார்த்தேன். பதில் நான்கு வரியில் வந்தது: இரண்டாம் தவணை முழுவதையும் திருப்பி அனுப்பவேண்டும், இனி எங்கள் நிலையத்தின் விண்ணப்பங்கள் எடுக்கப்படமாட்டா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குளிர்நாட்டில் இருந்துகொண்டு வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். பிறகு அந்த அறக்கட்டளையில் இருந்த ஒரு தமிழர் தொலைபேசியில் நிதானமாக விளக்கினார். குறிப்பிட்ட ஒரு நோக்கத்தைச் சொல்லித் திரட்டிய காசை வேறொன்றுக்குச் செலவழிப்பது இங்கிலாந்துச் சட்டத்தில் நம்பிக்கை மீறல். அது எவ்வளவு நல்ல செலவாக இருந்தாலும் அப்படித்தான். அதற்கு அறங்காவலர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்லவேண்டி வரலாம். அவர்கள் கணக்குக் காட்டவேண்டிய ஆணைக்குழு ஒன்று அங்கே இருக்கிறது. ஆசிரியர் கொடுப்பனவுக்கு என்று காசு தந்தவர்களிடம் சப்பாத்தின் பற்றுச்சீட்டைக் காட்ட முடியாது.

கடைசியாக அவர் சொன்னதுதான் இன்றுவரை எரிகிறது. "அக்கா, அந்த நேரம் எங்களிட்ட வெள்ள நிவாரணத்துக்கெண்டு தனியா ஒரு நிதி இருந்தது. ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தா ரெண்டும் கிடைச்சிருக்கும்."

கொப்பியும் கிடைத்திருக்கும், வகுப்பும் நடந்திருக்கும். கொடுப்பனவு இல்லாமல் கணித ஆசிரியர் மூன்று மாதம் வந்தார், அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. 2019 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். கணிதம் சித்தியில்லாவிட்டால் உயர்தரத்துக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். அதில் தவறிய பிள்ளைகளின் பெயர்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். காசை அங்கத்தவர்கள் இரண்டு காலபோக அறுவடையில் சேர்த்துத் திருப்பிக் கட்டினோம்.

ஆகவே திட்டத்தில் எது மாறினாலும் காசைத் தொடமுன் எழுதுங்கள். அலுமாரி மலிவாக முடிந்து மிச்சம் வந்தாலும் அதேதான். 2022இல் ரூபாய் விழுந்தபோது அனுப்பிய பவுணுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான ரூபாய் கணக்கில் விழுந்தது. அது இலாபம் அல்ல, அந்த மேலதிகக் காசும் அதே நோக்கத்துக்கு உரியது. கடிதத்தில் மூன்று விசயம் போதும்: என்ன மாறியது, கையில் எவ்வளவு இருக்கிறது, அதை என்ன செய்ய விரும்புகிறீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையொப்பமிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். அவசரமென்றால் அன்றே வாட்ஸ்அப்பில் செய்தி போடுங்கள், கடிதம் பின்னால் போகட்டும். எழுத்தில் பதில் வரும்வரை காசோலைப் புத்தகம் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

அந்தப் பெடியளை வைத்துக்கொண்டே கடிதத்தை எழுதுவித்தேன். வலைக்கு அனுமதி கிடைக்கவில்லை, மிச்சத்துக்குச் சிறுவர் புத்தகம் வாங்கச் சொல்லிப் பதில் வந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அடுத்த வருடமும் விண்ணப்பிக்கும் தகுதி அவர்களுக்கு இருக்கிறது.

பழைய விலைக்கூறல்

ஒரு மாதத்துக்கு முந்திய கொட்டேசனை இணைக்காதீர்கள். 2022இன் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றது, மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அந்த இடைவெளியில் மடிக்கணினிக்கு உதவி கிடைத்த பிள்ளைகள், கிடைத்த காசோடு கடை வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விலை எத்தனை நாள் செல்லும் என்பதைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

மகாபொல கிடைப்பதை மறைப்பது

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மகாபொலப் புலமைப்பரிசிலின் மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் கூட்டப்பட்டது. வவுனியாவிலோ கொழும்பிலோ வாடகை அறையில் இருக்கும் பிள்ளைக்கு அது சாப்பாட்டுக்கே காணாது என்பது தெரிவுக்குழுவுக்கும் தெரியும். உள்ளதைச் சொல்லி, செலவுக் கணக்கையும் எழுதி, எவ்வளவு குறைகிறது என்று காட்டினால் அந்தக் குறையைத் தருவார்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால், பின்னால் வரும் உங்கள் பாடசாலைப் பிள்ளைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கம்பஸ் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைப்பது

அறிவித்தலை முழுதாக வாசியுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் ரெக் என்ற தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படிக்கும் பிள்ளைக்கும் சில இடங்களில் கதவு திறந்திருக்கிறது.

மச்சானுடைய வங்கிக் கணக்கைக் கொடுப்பது

வேண்டாம்.

பிள்ளைக்குத் தெரியாமல் விண்ணப்பிப்பது

ஒரு கையளிப்பு நிகழ்வில், மேடையில் ஒரு மாணவியின் குடும்ப நிலையை ஒலிவாங்கியில் வாசித்தார்கள். நாங்கள் படிவத்தில் எழுதியதுதான் அது, வரிக்கு வரி. அவள் காசோலையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அதன் பிறகு ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "என்னைப் பற்றி இப்பிடியெல்லாம் எழுதியிருக்கெண்டு எனக்கு ஏன் ரீச்சர் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எழுதி முடித்த படிவத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கிறேன். அவள் வாசிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். வெட்டச் சொல்லும் வரியை வெட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.