ஃப்ரோசன் டைக்கிரி: தண்ணீர் பிரியாமல் வழவழவென்று வீட்டிலேயே அரைப்பது எப்படி?

ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை மூன்றையும் ஐஸோடு அரைக்கும் பானம் ஃப்ரோசன் டைக்கிரி. வீட்டில் அதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். கிளாஸில் ஊற்றிய இரண்டு நிமிடத்தில் மேலே ஐஸ் தூள் மிதக்கிறது, கீழே வெளிறிப்போன எலுமிச்சைத் தண்ணீர் நிற்கிறது. உடனே பழி ரம் மேல் விழும், இல்லாவிட்டால் மிக்ஸி மேல். கவனிக்க வேண்டியது ஐஸைத்தான். இந்தப் பானத்தின் எடையில் பாதிக்கு மேல் ஐஸ். ரம்மையும் சாற்றையும் மில்லி கணக்கில் அளந்துவிட்டு ஐஸை மட்டும் கை போன போக்கில் அள்ளிப் போட்டால் எப்படிச் சரியாக வரும்?

டைக்கிரி கியூபாவில் பிறந்தது. கிழக்கு கியூபாவில், சாந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் டைக்கிரி என்று ஒரு இடம். அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1898 வாக்கில் இதைக் கலந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அது குலுக்கி வடிகட்டிய பானம். அதை இன்று நாம் ஸ்பூன் போட்டுக் கிளறும் பனிக்கூழாக ஆக்கிப் புகழ் சேர்த்தவர் ஹவானாவின் எல் ஃப்ளோரிடிடா பாரை நடத்திய கான்ஸ்டான்டினோ ரிபலாய்குவா. 1930களில் அவர் கையில் இருந்தவை நொறுக்கிய ஐஸ், மின்சார மிக்ஸர், கொஞ்சம் மராஸ்கினோ என்ற செர்ரி மது. நாமும் அந்த வழியில்தான் போகப் போகிறோம்.

தேவையானவை (இரண்டு கிளாஸுக்கு)

வெள்ளை ரம் – 120 மில்லி
எலுமிச்சைச் சாறு – 50 மில்லி
கெட்டியான சர்க்கரைப் பாகு – 45 மில்லி
ஐஸ் – 300 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை
மராஸ்கினோ – 2 டீஸ்பூன் (கிடைத்தால்)

ஒரு கிளாஸுக்கு 60 மில்லி ரம் வருகிறது. குளிர்ச்சியும் இனிப்பும் சேர்ந்து சாராயக் காரத்தை மறைத்துவிடும். ஜூஸ் மாதிரி மடமடவென்று இறங்கும், ஆனால் உள்ளே போகும் ரம் குறைவதில்லை. கிளாஸை நீட்டும்போது குடிப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ரம் கியூபா பாணியில், லேசானதாக இருக்கட்டும். மூன்று வருடம் பீப்பாயில் இருந்த ஹவானா கிளப் எனக்குப் பிடித்தது. பகார்டி வெள்ளையிலும் நன்றாகவே வரும். அந்த நிறுவனமே 1862இல் சாந்தியாகோவில் தொடங்கியதுதான். கறுப்பு ரம் போட்டால் கருப்பஞ்சாற்றுக் கழிவுப் பாகின் வாசனை எலுமிச்சையை அமுக்கிவிடும். மசாலா கலந்த ரம் இதற்கு வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சை பச்சையாக, மெல்லிய தோலோடு இருக்கும் சிறிய வகை. பெரிய மஞ்சள் லெமனில் அந்தக் கூர்மை கிடையாது. பிழியும்போது தோல் கசங்கும் வரை அழுத்தாதீர்கள், அதிலிருந்து இறங்கும் எண்ணெய் கசக்கும். விதை, சக்கை போக வடிகட்டிக்கொள்ளுங்கள். பாட்டில் சாறு என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்பேன். மூன்றே சரக்கு சேரும் பானத்தில் ஒன்று பழசாக இருந்தால் ஒளிய இடமில்லை.

படி 1: பாகு

200 கிராம் சர்க்கரை, 100 கிராம் தண்ணீர். அடுப்பில் வைத்துச் சர்க்கரை கரையும் வரை கிளறி இறக்குங்கள், கொதிக்க வேண்டியதில்லை. ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சரிசமமாகக் கலக்கும் நீர்த்த பாகு வேண்டாம், அது தேவையில்லாமல் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். அப்படியே சர்க்கரையைக் கொட்டினாலும் சரிவராது, அந்தக் குளிரில் கரையாமல் பல்லில் நறநறக்கும்.

படி 2: எல்லாவற்றையும் குளிரவைத்தல்

ரம் பாட்டிலை ஃப்ரீசரில் படுக்கவைத்துவிடுங்கள். 40 சதவீத ரம் உறைய ஏறத்தாழ மைனஸ் 27 டிகிரி வேண்டும், வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18இல் நின்றுவிடும். அதனால் பாட்டில் வெடிக்காது, ரம் எண்ணெய் மாதிரி கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான். சாறும் பாகும் ஃபிரிட்ஜில். கிளாஸும் மிக்ஸி ஜாரும்கூட ஒரு இருபது நிமிடம் ஃப்ரீசரில் இருக்கட்டும். கண்ணாடி ஜாராக இருந்தால் ஃப்ரீசர் வேண்டாம், ஃபிரிட்ஜே போதும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதை அது பக்கத்தில் இருக்கும் ரம்மிடமிருந்தும் சாற்றிடமிருந்தும்தான் உறிஞ்சுகிறது. 30 டிகிரியில் வெளியே நிற்கும் ரம்மையும் சாற்றையும் ஊற்றினால் அவற்றைக் குளிரவைக்கவே உங்கள் ஐஸில் ஐந்தில் ஒரு பங்கு போலத் தண்ணீராகிவிடும். அரைக்கத் தொடங்கும் முன்பே கணக்கு உதைக்கும்.

படி 3: ஐஸ்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கட்டியை உலர்ந்த விரலால் எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பு மங்கலாக, லேசாக வெண்மை படிந்து, விரலில் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு விட்டால் அது நல்ல ஐஸ். பளபளவென்று மின்னி, கையிலிருந்து வழுக்கினால் அதன் மேல் ஏற்கெனவே ஒரு படலம் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் உங்கள் பானத்துக்குள் போகும். ட்ரேயைக் குழாயில் காட்டிக் கட்டிகளைக் கழற்றும் பழக்கம் இருந்தால் இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். ட்ரேயை முறுக்கிக் கழற்றி, மூடி போட்ட டப்பாவில் கொட்டி, மறுபடி சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தபின் எடுங்கள். மூடி எதற்கு என்றால், திறந்து கிடக்கும் ஐஸ் ஃப்ரீசரில் உள்ள எல்லா வாசனையையும் பிடித்துக்கொள்ளும்.

அளப்பது தராசில்தான். கப் கணக்கு இங்கே உதவாது. கட்டியின் வடிவத்துக்குத் தக்கபடி நடுவே காற்று இருக்கும், ஒரே கப்பில் ஒருமுறை 100 கிராம் வரும், இன்னொரு முறை 140 வரும். சமையலறையில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்க இந்த ஒரு பானமே போதுமான காரணம். 300 கிராம் நிறுத்து, கெட்டித் துணியில் சுற்றி, கனமான கட்டையால் தட்டி விரல் நகம் அளவுக்கு நொறுக்குங்கள். உடனே ஃப்ரீசருக்குள். அரைக்கும் அந்த நிமிடத்தில்தான் வெளியே வர வேண்டும்.

படி 4: அரைத்தல்

முதலில் ரம், சாறு, பாகு, மராஸ்கினோ, உப்பு. அதன் மேல் ஐஸ். வரிசையை மாற்றினால் பிளேடு காய்ந்த ஐஸில் சிக்கி மோட்டார் திணறும். பல்ஸில் ஐந்தாறு தட்டு தட்டுங்கள். பிறகு முழு வேகத்தில் இருபது வினாடி.

இங்கே கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். முதலில் கடகடவென்று கல் உருளும் சத்தம். அது படிப்படியாகச் சன்னமாகி, ஒரே சீரான ரீங்காரமாகும். அதே நேரம் மேற்பரப்பு நடுவில் குழிந்து, கூழ் உள்ளே மடிந்து மடிந்து போகும். நிறுத்த வேண்டிய நேரம் அதுதான். இன்னும் கொஞ்சம் மையாகட்டும் என்று ஓட்டினால் பிளேடின் உராய்வே சூடேற்றிக் கரைத்துவிடும்.

சத்தம் திடீரென்று லேசாகி, கூழ் அசையாமல் நின்றால் பிளேடைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கிறது. அணைத்துவிட்டு, கரண்டியால் கீழே அழுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நீர்த்துப்போனால் 30 கிராம் ஐஸ் சேர்த்து இரண்டு பல்ஸ். கெட்டியாக நின்றால் ஒரு ஸ்பூன் சாறு அல்லது ரம், தண்ணீர் கூடாது.

சரியான பதத்தில் எடுத்தால் ஸ்பூனிலிருந்து மெதுவாக வழுக்கி விழும், கிளாஸில் சிறு மேடாக நின்று பிறகு அமரும். உடனே குடித்துவிட வேண்டும்.

கருவி விஷயத்தில் என் கட்சி உயரமான, அடி குறுகிய ஜார் பிளெண்டர். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் நடுத்தர ஜார் எடுங்கள், பெரிய ஜாரில் இரண்டு கிளாஸ் அளவு பிளேடுக்குக் கீழேயே தங்கிவிடும். ஐஸ் உடைக்கலாம் என்று கையேட்டில் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து அரைக்கும் குச்சி பிளெண்டர் இதற்கு ஆகாது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சர்க்கரையைக் குறைக்கலாமா? எல் ஃப்ளோரிடிடாவில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேக்குச் சர்க்கரையே இல்லாமல் இரட்டை ரம், கிரேப்ஃப்ரூட் சாறு போட்டுக் கொடுத்தார்களே என்று சிலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை. அது உறைநிலையை இறக்கி, ஐஸ் துகள்களைத் தனித்தனியாக வைத்து, கூழுக்கு வழவழப்பு தருகிறது. அதை எடுத்தால் அந்தப் பதமும் போகும். தவிர, நாக்கு குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். குலுக்கிக் குடிக்கும் டைக்கிரியைவிட இதில் பாகு கூடுதலாக இருப்பதும் அதனால்தான். முதலில் 45 மில்லி போட்டுப் பாருங்கள், அடுத்த முறை 40 ஆக்குங்கள்.

ரம் இல்லாமல் செய்தால் கட்டிப்பட்டுப் போகிறது என்றார் ஒருவர். ஆல்கஹாலும் உறைநிலையை இறக்கும் சரக்குதான். அது இல்லாவிட்டால் ரம்முக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர் 100 மில்லி, பாகு 60 மில்லி, ஐஸ் 250 கிராம் என்று மாற்றுங்கள்.

ஸ்ட்ராபெர்ரி சேர்ப்பதானால் பழத்தையும் உறையவைத்துப் போடுங்கள். 150 கிராம் பழத்துக்கு அதே எடை ஐஸைக் குறைக்க வேண்டும். பழத்தில் உள்ள பெக்டின் என்ற நார்ப்பொருள் கூழைப் பிடித்து நிறுத்தும், இன்னும் சில நிமிடம் பிரியாமல் இருக்கும்.

பத்துப் பேர் வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் அரைத்துக்கொண்டு நிற்க முடியாது என்பவர்களுக்கு: மேலே சொன்ன இரண்டு கிளாஸ் அளவு ஒவ்வொன்றுக்கும் ஐஸுக்குப் பதிலாக 180 மில்லி தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் ஜிப் பையில் கலந்து, காற்றை வெளியேற்றி, முதல் நாள் இரவே ஃப்ரீசரில் தட்டையாக வையுங்கள். ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் கல்லாகாது. மறுநாள் பையோடு கையால் நன்றாகப் பிசைந்து ஊற்றலாம். கொஞ்சம் துகள் துகளாக இருக்கும். அது பிடிக்காவிட்டால் மிக்ஸியில் ஐந்து வினாடி ஓட்டினால் போதும்.