அலோபியூரினால் என்பது வலி மாத்திரை இல்லை

கம்பத்திலிருந்து ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் "எனக்கு யூரிக் ஆசிட் இருக்கு" என்ற பேச்சு சாதாரணம். ராத்திரியோடு ராத்திரியாகக் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கும். போர்வை பட்டாலே உயிர் போகும். விடிந்ததும் மருந்துக்கடையில் "அந்த யூரிக் ஆசிட் மாத்திரை ரெண்டு கொடுங்க" என்பார்கள். தவறு அங்கேயே ஆரம்பம்.

அந்த மாத்திரை பெரும்பாலும் அலோபியூரினால். அது வலியைத் தொடாது. செல்கள் சிதைவதாலும், மத்தி, ஈரல் போன்றவற்றைச் சாப்பிடுவதாலும் உடம்பில் சேரும் பியூரின் என்ற பொருளைக் கடைசியில் யூரிக் அமிலமாக மாற்றுவது சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி. அலோபியூரினால் அந்த நொதியை முடக்குகிறது. புதிதாக உருவாவது குறையும். மூட்டில் ஏற்கெனவே படிந்த யூரிக் அமிலப் படிகம் கரைய மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். வலிக்கிற அன்றைக்கு மட்டும் ரெண்டு போட்டு என்ன பயன்?

போதாததற்கு, ஆரம்பித்த சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். படிகம் கரையும்போது மூட்டு சீண்டப்படுகிறது. "ஒத்துக்கல" என்று பலர் விடுவது இந்தக் கட்டத்தில்தான். இதற்காகவே டாக்டர்கள் 100 மில்லிகிராமிலோ, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் குறைத்தோ தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். துணைக்கு, இந்த வலியைத் தடுக்கும் கோல்ச்சிசின் மாத்திரை எழுதுவதும் உண்டு. ரத்தத்தில் யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்க வேண்டும். நடுவில் வலி வந்தால் அதற்குத் தனி மருந்து. அலோபியூரினாலை நிறுத்தக் கூடாது. வலியே வராமல் செக்கப்பில் மட்டும் 7.5 என்று வந்தவருக்கு இந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருப்பதால் வரும் வம்பு ஒன்று. குமுளியில் பார்த்தவர் ஒரு பிராண்டு எழுதுவார், தேனியில் பார்த்தவர் வேறொன்று. பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்றே; ரெண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அட்டையில் பிராண்டோடு சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். பாதி அட்டையைக் கத்தரித்து வாங்கினால் அந்த எழுத்தே கையில் வராது.

தோலில் தடிப்பு வந்தால் மட்டும் பொறுக்கவே கூடாது. தோட்டத்தில் மருந்து அடித்த அலர்ஜி என்று விட்டுவிடுவார்கள். மாத்திரை தொடங்கிய முதல் ரெண்டு மூன்று மாதத்தில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு என்றால் நேராக ஆஸ்பத்திரி. அரிதுதான், ஆனால் உயிரையே எடுக்கும்.

கடைசியாக, அதிகம் பேர் அறியாதது. 1988-இல் நோபல் பெற்ற கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அலோபியூரினாலை முதலில் முயன்றது கவுட் என்கிற இந்த மூட்டுவலிக்கு அல்ல. மெர்காப்டோபியூரின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து உடம்பில் சீக்கிரம் சிதையாமல் தடுக்க. அதைச் சிதைப்பதும் இதே நொதிதான். சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் அசாதையோபிரின் உடம்பில் மெர்காப்டோபியூரினாகத்தான் மாறுகிறது. அசாதையோபிரினோடு அலோபியூரினாலும் சேர்ந்தால் மெர்காப்டோபியூரின் தேங்கி, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியே படுத்துவிடும். அசாதையோபிரின் சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரை எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கடைக்காரரிடமும்.