இலங்கை மலையகத்தில் முதல் வீடு: வாங்குவது, வாடகைக்கு விடுவது, விற்பது

வாங்கும் நாளிலேயே விற்கும் நாளுக்கான கோப்பைத் தொடங்கிவிடுங்கள். நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவரும், அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும், வாடகைத் தகராறு வந்தால் நீதிமன்றமும் கேட்கப் போவது ஒரே கடதாசிகளைத்தான். அந்தக் கோப்பு நிறையாத வீட்டுக்கு எவ்வளவு அழகான மலைக்காட்சி இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

1. காணி எந்த வகை?

விலை பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள். தனியார் காணி என்றால் அறுதி உறுதி (முழு உரிமையையும் விற்றுக்கொடுக்கும் பத்திரம்) இருக்கும், அல்லது பிம்சவிய என்னும் அரசின் காணி உரித்துப் பதிவுத் திட்டத்தில் (1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம்) கிடைத்த உரித்துச் சான்றிதழ் இருக்கும். இந்த இரண்டில் ஒன்று கையில் இருந்தால் மேலே பேசலாம்.

அரசு கொடுத்த அனுமதிப் பத்திரக் காணியும் ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அரச அளிப்புகளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லி விலையைக் குறைத்தால், விலை ஏன் குறைகிறது என்பதை அதிலேயே புரிந்துகொள்ளலாம்.

தோட்டத்து லயன் அறை, லயனுக்குப் பக்கத்து மரக்கறித் துண்டு ஆகியவற்றை முத்திரை ஒட்டிய கடிதத்தில் "விற்பவர்கள்" உண்டு. 1992க்குப் பிறகு தோட்டங்களை நடத்தும் கம்பனிகளே குத்தகைக்காரர்கள்தான். அந்தக் கடிதத்தால் உங்களுக்கு எந்த உரித்தும் வராது. உழைத்துச் சேர்த்த குடும்பப் பணம் இப்படிப் போவது மலையகத்தில் மிகவும் வேதனையான இழப்பு. ஆகவே இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

2. உறுதிகளைத் தேடுதல்

காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவுத் தாள்களை, அதாவது போலியோக்களை, குறைந்தது 30 வருடம் பின்னோக்கி உங்கள் நொத்தாரிசைக் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவரை) கொண்டு தேடச் செய்யுங்கள். விற்பவருடைய நொத்தாரிசையே நம்பியிருக்க வேண்டாம். தேடலில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை:

- அடமானம் தீர்ந்ததா? பணம் கட்டி முடித்திருந்தாலும் விடுவிப்பு உறுதி பதியப்படாவிட்டால் அடமானம் பதிவில் அப்படியே நிற்கும்.
- பிரிபடாத பங்கா? "எட்டில் மூன்று பங்கு" என்று உறுதியில் இருந்தால், வேலி போட்டிருப்பதால் மட்டும் அந்தத் துண்டு தனிக் காணியாகாது. பாகப்பிரிவினை வழக்கு பதிவாகியிருந்தால் விலகிவிடுங்கள்.
- நன்கொடை உறுதி வழியாக வந்ததா? இது மலைநாட்டுக்கே உரிய சிக்கல். கண்டியச் சட்டத்தின் (கண்டியச் சிங்களவருக்கான தனிச் சட்டம்) கீழ் வருபவர் கொடுத்த நன்கொடையை, மீளப்பெறும் உரிமையை அவர் வெளிப்படையாகக் கைவிட்டிருந்தால் ஒழிய, தம் வாழ்நாளில் ரத்துச் செய்யலாம். தாய் மகனுக்கு எழுதிய காணியை மகனிடம் வாங்குகிறீர்கள் என்றால் அந்த உறுதியின் ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும்.
- வெளிநாட்டில் இருப்பவருக்காக அற்றோணித் தத்துவத்தில் (அவர் சார்பில் செயற்படத் தந்த எழுத்து அதிகாரத்தில்) ஒருவர் கையெழுத்திடுகிறாரா? தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது செல்லாது. அவருடன் காணொளியில் பேசி உறுதிப்படுத்துங்கள்.

உறுதி சிங்களத்தில் இருந்து, உங்களுக்கு அது வாசிக்க வராவிட்டால், விற்பவர் பக்கம் சேராத ஒருவரைக் கொண்டு எல்லைகளையும் விஸ்தீரணத்தையும் வாசிக்கச் செய்யுங்கள். தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசுமார் இருக்கிறார்கள். தேடிப் பிடிப்பது வீண் சிரமம் ஆகாது.

அடுத்தது அளவு. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். நில அளவையாளரைக் கூட்டிப்போய்ப் பழைய பிளானின் எல்லைக் கற்களைத் தரையில் காட்டச் சொல்லுங்கள். சரிவில் கற்கள் புதைந்திருக்கும், உருண்டும் போயிருக்கும். பாதை அடுத்தவர் காணிக்குள்ளால் போனால் வழியுரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் எடுத்தால் அதற்கும் அப்படித்தான்.

3. சரிவைப் படித்தல்

வெயில் காலத்தில் மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவமழையிலும், பண்டாரவளை, எல்ல, பதுளை பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலும் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். வீட்டைச் சுற்றி நடக்கும்போது நிலத்தில் அரைவட்ட வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென இறுகும் கதவுகள், முன்பு இல்லாத இடத்தில் கலங்கலாகக் கசியும் ஊற்று ஆகியவற்றைத் தேடுங்கள். மண் தாங்கும் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, அதன் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளை அடைந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி, அந்தப் பாரத்தில்தான் சுவர் விழுகிறது.

பிறகு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் இடம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். மலை மாவட்டங்களில் புதிதாகக் கட்டவோ பெரிதாக்கவோ அந்த நிறுவனத்தின் அறிக்கை தேவைப்படும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தபின் இந்தப் படியைத் தாண்டிப்போக யாருக்கும் நியாயமில்லை.

4. கணக்கு

ஒன்றரைக் கோடி ரூபா வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. ஆக 3,000 + 5,96,000 = 5,99,000 ரூபா. அதை வாங்குபவர் மாகாண சபைக்குக் கட்ட வேண்டும். நொத்தாரிசு, தேடல், அளவைச் செலவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1 கோடியே 57 இலட்சம்.

மாத வாடகை 45,000 என்றால், ஒரு மாதம் வீடு வெறுமையாகவும் இன்னொரு மாத வாடகை திருத்த வேலைக்கும் ஆதன வரிக்கும் போனபின் கையில் நிற்பது 4,50,000. போட்ட பணத்தில் 3 வீதம்கூட இல்லை. வங்கியின் நிலையான வைப்பு வட்டியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான இலாபம் விற்பனையில்தான் வர வேண்டும், அதனால்தான் கோப்பைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

5. கைச்சாத்தும் பதிவும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருந்தால்தான் உறுதி செல்லும். கைச்சாத்திடும் அன்று காலையில் போலியோவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முடிந்த கையோடு பதியுங்கள். விற்றவர் இன்னொருவருக்கும் பணத்துக்கு எழுதிக்கொடுத்து அவர் முதலில் பதிந்துவிட்டால், பிந்தியவர் நீங்கள்தான்.

6. வாடகைக்கு விடுதல்

முதல் வீட்டை ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், வைத்தியசாலை ஊழியர் போன்றோருக்கு நீண்ட காலத்துக்கு விடுவதே எங்கள் சிபாரிசு. நுவரெலியாவில் ஏப்ரலிலும், அட்டன், மஸ்கெலியா பக்கம் சிவனொளிபாத மலைப் பருவத்திலும் நாள் வாடகை நன்றாக வரும். மற்ற மாதங்களின் வெறுமையைத் தாங்கப் பணம் வேண்டும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவும் வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னால்தான் எழுதப்பட வேண்டும். வாடகைத் தொகை, கட்டும் திகதி, மூன்று மாத முற்பணம், அதில் எதைக் கழிக்கலாம், வெளியேற எத்தனை நாள் அறிவித்தல், உள்வாடகைக்கு விடக்கூடாது என்பவை எல்லாம் அதில் வர வேண்டும். இடத்தை மீளப்பெறச் சுருக்கமான நடைமுறையை 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தருகிறது. வாய்ப்பேச்சை மட்டும் நம்பி அந்த வழியில் போக முடியாது. சாவி கொடுக்கும் நாளில் மின்மானி, நீர்மானி வாசிப்புகளையும் ஒவ்வோர் அறையின் சுவரையும் படம் எடுத்து இருவரும் ஒப்பமிடுங்கள்.

மலையகத்தில் அதிகச் சண்டை பூஞ்சணத்தால்தான் வருகிறது. குடியிருப்பவர் ஜன்னல் திறப்பதில்லை என்பார் வீட்டுக்காரர், சுவர் கசிகிறது என்பார் குடியிருப்பவர். பெயின்ட் அடித்து மறைத்தால் இரண்டு மழையில் திரும்பி வரும். மழைக்கு முன் பீலிகளைத் துப்புரவாக்கி, மண்மேட்டுப் பக்கச் சுவரின் அடியில் கான் வெட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பெயின்ட்.

7. விற்பது

குத்தகை முடியும் காலத்தோடு விற்பனையைப் பொருத்துங்கள். பதிவான குத்தகை வாங்குபவரையும் கட்டும் என்பதால், இடையில் விற்றால் குடிபுக வாங்குபவர்கள் விலகுவார்கள். உறுதிகள், போலியோ பிரதிகள், பிளான், கட்டட அனுமதி, ஆதன வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை முதல் சந்திப்பிலேயே காட்டலாம். மூலப் பிரதிகளைத் தரகர் கையில் கொடுக்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்கினால் கடைசி நாளும், பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மீதிப் பணத்தை வங்கி வரைவோலையாகப் பெற்று, அது உண்மையானதா என்று அந்தக் கிளையில் கேட்டபின் ஒப்பமிடுங்கள்.

மூலதன இலாப வரி உண்டு. 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்தத் திகதியின் சந்தை மதிப்பே கிரயமாகக் கொள்ளப்படும். நடப்பு வீதத்தையும் அறிக்கை கொடுக்கும் கெடுவையும் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண் தாங்கும் சுவர், புதுக் கூரை போன்ற செலவுகளின் பற்றுச்சீட்டு இருந்தால்தான் இலாபத்திலிருந்து அவற்றைக் கழிக்கலாம்.

பணம் வந்தபின் மின்சாரம், தண்ணீர், ஆதன வரிப் பதிவேடு மூன்றிலும் பெயரை மாற்றச் சொல்லி, மாற்றியதற்கான பிரதியை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவருடைய நிலுவைக்கான சிவப்பு அறிவித்தல் உங்கள் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.