சபைப் பெண்களோடு வேதம் வாசிக்கத் தொடங்குவது எப்படி

பெண்ணிய இறையியலைத் தம் சபைப் பெண்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர், அந்தச் சொல்லை முதல் நாளே எடுத்துவைக்க வேண்டாம் என்பது என் முதல் ஆலோசனை. மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஈரோட்டிலோ கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்தச் சொல் விழுந்தவுடன், இது ஆண்களுக்கு எதிரான பேச்சு என்றும் வெளிநாட்டுச் சரக்கு என்றும் விவாதம் தொடங்கிவிடும், வேதாகமம் மூடியபடியே கிடக்கும். வாசித்து முடித்த பிறகு பெயரைச் சொன்னால், தாங்கள் இவ்வளவு நேரம் செய்ததற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

நடத்துகிறவருக்கு மட்டும் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். ஒரு பகுதியை எழுதியவர் யார், மொழிபெயர்த்தவர் யார், பிரசங்கித்தவர் யார், அதில் யாருடைய குரல் பதியப்படவில்லை என்று கேட்டு வாசிப்பதே இந்த இறையியலின் அடிப்படை. அமெரிக்காவில் பெண்ணுரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டாண்டன் 1895-இல் இக்கேள்விகளோடு ஒரு விளக்கவுரையை வெளியிட்டார். வேத அறிஞர்களான எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1983-இலும் ஃபிலிஸ் ட்ரிபிள் 1984-இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் அமைத்தன. ஆனால் நம் நாட்டுப் பண்டித ரமாபாய் 1922-இல் இறப்பதற்குள், மூலமொழிகளைக் கற்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்திருந்தார் என்பதைச் சொன்னால், வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். மிஷனரிகளின் காலத்தில் வீடு வீடாகச் சென்று வாசித்துக் காட்டிய வேதாகம ஸ்திரீகளையும் நினைவூட்டலாம். அவர்களில் பலருடைய பெயரைக்கூட நாம் பத்திரப்படுத்தவில்லை.

நேரமும் இடமும் சிறிய விஷயங்கள் அல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வைத்தால், வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டியவர்களின் கண் கடிகாரத்தின்மேலேயே இருக்கும். சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பள நாள். ஞாயிறு மாலை நான்கு மணி எங்களுக்குப் பொருந்தியது. ஆலயத்துக்குள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால், முன்னால் நிற்கிறவர் பேச மற்றவர்கள் கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும் என்பதால், யாராவது ஒருவருடைய வீட்டு வாசலில் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பிறர் சொல்லித் தெரிந்துகொண்டால் அவருக்கு அது குறையாகவே படும்.

முதல் பகுதியாக லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் 10 முதல் 17 வரையுள்ள வசனங்களை எடுங்கள். வேறொன்றை முதலில் எடுக்க நான் ஒருபோதும் துணிந்ததில்லை. பதினெட்டு வருஷமாக 'எவ்வளவும் நிமிரக்கூடாத கூனி'யாக இருந்த ஒரு ஸ்திரீ அங்கே வருகிறாள். மஞ்சள் காட்டில் களை எடுக்கிறவரும், விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறவரும், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவரும் உட்கார்ந்திருக்கும் பாயில் 'கூனி' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. எழுத்துத் தெரிந்த ஒருவர் மூன்று முறை நிறுத்தி வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர் ஒருவரிடம் கதையைத் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். எதை அழுத்திச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கவனியுங்கள். அந்த நாளின் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அதன் பிறகு கேள்விகள். இந்தப் பெண் சுகம் கேட்டாளா? கேட்கவில்லை; இயேசுதான் அவளைக் கண்டு அழைத்து, ஓய்வுநாளிலேயே சுகமாக்குகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம் யார்மேல், அவன் திட்டுவது யாரை? கோபம் இயேசுவின்மேல், திட்டு விழுவதோ ஜனங்களுக்கு. மற்ற ஆறு நாளில் வந்து சொஸ்தமாகிக்கொள்ளுங்கள் என்கிறான். இந்த இடத்தில் ஒரு கணம் பேசாமல் இருங்கள். தங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் இதே பேச்சைக் கேட்ட அனுபவம் அவர்களுக்குள் எழும்பும். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

பிறகு 15-ஆம், 16-ஆம் வசனங்களுக்கு வாருங்கள். ஓய்வுநாளில் எருதைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவீர்களே, பதினெட்டு வருஷம் கட்டப்பட்டிருந்த ஆபிரகாமின் குமாரத்தியை அவிழ்த்துவிட வேண்டியதில்லையா என்று இயேசு கேட்கிறார். கிரேக்க மூலத்தில் எருதுக்கும் பெண்ணுக்கும் ஒரே வினைச்சொல்தான்; நம் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் 'அவிழ்த்து' என்றே வைத்திருப்பது பெரிய நன்மை. தொழுவம் என்பதை நம் பக்கத்துக் கட்டுத்தரை என்று சொல்லிவிட்டால் போதும். ஒருமுறை ஒரு மூத்த அம்மா, "ஏனுங்க, கட்டுத்தரையில நிக்கிற மாட்டுக்குத் தண்ணி காட்ட நாம என்னைக்குங்க நாள் பார்த்திருக்கோம்?" என்று கேட்டார். நான் தயாரித்து வைத்திருந்த அரைமணி நேர விளக்கத்தை அன்று எடுக்கவே இல்லை. 'ஆபிரகாமின் குமாரத்தி' என்ற பட்டம் புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியாக 13-ஆம் வசனத்துக்குத் திரும்புங்கள். அவள் நிமிர்ந்து தேவனை மகிமைப்படுத்தினாள் என்று லூக்கா எழுதுகிறார். அவள் சொன்ன வார்த்தைகளை எழுதவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒவ்வொருவரும் தம் சொல்லில் ஒரு வாக்கியம் சொல்லட்டும். யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். சொல்லப்பட்டவற்றையே அன்றைய முடிவு ஜெபமாக வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கதையை வைத்து, யூத மார்க்கம் பெண்களை ஒடுக்கியது, கிறிஸ்தவம் விடுவித்தது என்று பேசிவிடுவது எளிது, தவறு. இயேசுவும் யூதர், அந்தப் பெண்ணும் யூதப் பெண், அவளை அவர் அழைப்பதும் அவர்களுடைய மூதாதையின் பெயராலேயே. ஜெப ஆலயத் தலைவனின் பேச்சை நம் சபைக் கமிட்டியில் தேடுவதுதான் நேர்மை.

அடுத்த வாரங்களில் மொழிபெயர்ப்பின் எடையைக் காட்டும் பகுதிகளை எடுக்கலாம். ஆதியாகமம் 2:18-இல் ஏவாளைக் குறிக்கும் 'துணை' என்பதற்கு எபிரெய மூலம் 'ஏசேர்'. சங்கீதம் 33:20-இல் கர்த்தரை நமக்குத் 'துணை' என்று சொல்லும்போதும் அதே சொல்தான். கர்த்தரைக் குறிக்கும்போது தாழ்வைக் காட்டாத சொல், மனைவியைக் குறிக்கும்போது மட்டும் ஏன் தாழ்ந்தது என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். ரோமர் 16:1-இல் பவுல் குறிப்பிடும் சபைப் பெண் பெபேயாள் இன்னும் நுட்பமான உதாரணம். அவளுக்குப் பவுல் சூட்டும் 'டியாக்கொனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத்தான் 1 கொரிந்தியர் 3:5-இல் தனக்கும் அப்பொல்லோவுக்கும் பயன்படுத்துகிறார். தமிழில் 'ஊழியக்காரர்' என்றால் நமக்குப் பிரசங்கியார் நினைவுக்கு வருகிறார், 'ஊழியக்காரி' என்றால் வேலைக்காரி நினைவுக்கு வருகிறாள். பவுல் அந்த வித்தியாசத்தை வைக்கவில்லை; அது நம் காதில் இருக்கிறது.

கடினமான வசனங்களைத் தள்ளிப்போடாதீர்கள், பெண்களே கேட்பார்கள். சபையில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்ற 1 கொரிந்தியர் 14:34-ஐ, பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் அதே நிருபத்தின் 11:5-க்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மனைவிகளைப் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்வதாகக் கல்யாணத்தில் கேட்கும் எபேசியர் 5:22-ஐ, ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 22-ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே இல்லை, 21-இன் 'கீழ்ப்படிதல்'தான் அதற்கும் உயிர் கொடுக்கிறது. ஆனாலும் எல்லா வசனமும் இப்படி இனிதாகிவிடாது. நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தில், ஊர் ஆண்களிடம் விடப்பட்டுச் சீரழிக்கப்பட்டு இறந்த மறுமனையாட்டிக்கு நேர்ந்ததை நியாயப்படுத்தும் விளக்கம் எதையும் நான் ஏற்கமாட்டேன். அவளுக்காகத் துக்கப்பட்டு வாசிப்பதே போதுமான வாசிப்பு.

எபேசியர் வாசிக்கும் நாளில் ஒருவர் தம் வீட்டு அடி உதையைச் சொல்லக்கூடும். அடங்கிப் போ, ஜெபம் பண்ணு என்ற பதிலை யாரும் சொல்ல விடாதீர்கள். கேட்டது பாயைத் தாண்டிப் போகக் கூடாது என்று முதல் நாளே உறுதி வாங்கியிருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் தெரிந்துவைத்துக்கொண்டு, தனியாகப் பேசுங்கள்; முடிவு அவருடையது.

சொத்தைப் பற்றி நான் ஒரு வாரம் முழுவதும் ஒதுக்குவேன். எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக நின்று தகப்பனின் பங்கைக் கேட்கிறார்கள். அவர்கள் பேசுகிறது சரி என்று கர்த்தர் சொல்கிறார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெயரையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். 36-ஆம் அதிகாரத்தில் அந்த உரிமைக்கு ஒரு கட்டுப்பாடு வருவதையும் ஒளிக்காதீர்கள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு நகையும் சீரும், காடும் தோட்டமும் பையனுக்கு என்பது கிறிஸ்தவ வீடுகளிலும் கேட்கும் கணக்கு. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி இரண்டு பங்கு மகன் மகள் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும் என்பதைச் சொல்லுங்கள். அன்று கூட்டம் முடிய நேரமாகும். காப்பி கூடுதலாகப் போட்டுவைக்கச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது வாரத்துக்குள் நடத்தும் பொறுப்பு கைமாற வேண்டும். முதல் நாள் கதையைத் திரும்பச் சொன்ன மூத்தவரே அடுத்த பகுதியைத் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் பாயின் ஓரத்துக்குப் போய், அவர் கேட்கும்போது மட்டும் வசன எண்ணைச் சொல்லுங்கள்.