உங்கள் நாய்க்கு உடல்நலமில்லையா? அறிகுறிகளைக் கண்டறியவும் மருத்துவரிடம் செல்லும் நேரத்தை முடிவு செய்யவும் ஒரு செய்முறை

நாய் தன் வலியை எளிதில் காட்டிக்கொள்வதில்லை. காலையில் வாலாட்டிக்கொண்டு வந்த நாய் மாலையில் எழ முடியாமல் படுத்துவிடும்போது, நோய் பல நாட்களாகவே உள்ளே முற்றியிருக்கக்கூடும். முதன்முறையாக நாய் வளர்ப்பவர்கள் இந்நிலையில் 'இது என்ன நோயாக இருக்கும்?' என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு விடை காண்பது மருத்துவரின் வேலை. அவருக்கே பல நேரங்களில் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். வளர்ப்பவர் செய்யவேண்டியவை இரண்டுதான்: வழக்கத்திலிருந்து எது மாறியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும், அந்த மாற்றம் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் இவ்விரண்டையும் பழகிக்கொள்வதற்காக எழுதப்பட்டவை.

படி 1: நாய் நலமாக இருக்கும்போதே அளந்து குறித்து வையுங்கள்

நோயுற்ற நாளில் எடுக்கும் அளவை ஒப்பிட்டுப் பார்க்க, நலமாக இருந்த நாளின் அளவு கையில் இருக்க வேண்டும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், கொஞ்சம் வாசலின், ஒரு சிறு குறிப்பேடு ஆகியவை போதும்.

முதலில் உடல் வெப்பம். தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாலை மெல்ல உயர்த்தி, ஆசனவாய்க்குள் இரண்டு அல்லது மூன்று செ.மீ. அளவுக்குச் செலுத்தி, ஒலி எழும்வரை காத்திருக்க வேண்டும். நலமான நாயின் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். மனித உடலைவிட நாயின் உடல் இயல்பாகவே சூடானது என்பதால், கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று நம் வீடுகளில் சொல்வதும் நம்பத்தக்கதன்று. தூங்கி எழுந்த நாயின் மூக்கு பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும்.

அடுத்தது ஈறு. மேல் உதட்டை விரலால் உயர்த்தி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈற்றைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். அவ்விடத்தை விரல் நுனியால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அதற்கு மேல் நேரமானால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு நாய்கள் சிலவற்றில் ஈறு கறுப்பாக இருக்கலாம். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள்.

மூச்சை நாய் உறங்கும்போது எண்ணுவதே சரி. மார்பு ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் கவனிக்க வேண்டும். பின்தொடையின் உட்புறத்தில் விரல்களை வைத்தால் நாடித் துடிப்பு கிடைக்கும். பெரிய நாய்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையும், சிறிய நாய்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் துடிக்கும். இவற்றோடு எடையையும் எழுதி வைத்துவிட்டால் குறிப்பேட்டின் முதல் பக்கம் முடிந்தது.

படி 2: தட்டையும் தரையையும் தினமும் பாருங்கள்

உணவைத் தொடாத நாய், வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் நாய், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் நாய் ஆகிய மூன்றும் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. மலத்தில் இரத்தம், சளி, கறுப்பு நிறம் ஆகியவற்றைத் தேடுங்கள். மலத்தின் மேல் அரிசி மணிகளைப் போன்ற வெள்ளைத் துணுக்குகள் இருந்தால் அவை நாடாப்புழுவின் உடல் துண்டுகள். அவசரமில்லை, ஆனால் குடற்புழு நீக்க மருந்து தேவை. குட்டியின் ஈறு வெளுத்து, மலம் கறுத்துப் போனால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அதை ஆறப்போட வேண்டாம். நாய் எப்போதாவது புல் தின்று கக்குவதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை.

படி 3: வாரம் ஒருமுறை உடல் முழுவதையும் தடவிப் பாருங்கள்

மூக்கிலிருந்து வால் வரை விரல்களை மயிருக்குள் விட்டுத் தடவுங்கள். காதை மடக்கி முகர்ந்து பாருங்கள். நாற்றமும் கறுப்பு அழுக்கும் காது நோயின் அடையாளங்கள். கட்டி, வீக்கம், மயிர் உதிர்ந்த வட்டம், கைவைத்தால் நாய் திரும்பிப் பார்க்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புண் எங்கேனும் ஈரமாகவும் துர்நாற்றத்துடனும் இருந்தால் உள்ளே புழு வைத்திருக்கக்கூடும். அதில் மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றும் பழக்கம் நாய்க்குப் பெருங்கொடுமை. திசு வெந்துபோவதோடு, நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும்.

தமிழ்நாட்டில் இந்தத் தடவலின் முதன்மையான நோக்கம் உண்ணி தேடுவதுதான். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, அக்குள் ஆகிய இடங்களைத் தவறவிடாதீர்கள். உண்ணியைக் கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

படி 4: நேரத்தை முடிவு செய்யுங்கள்

உடனே புறப்பட வேண்டியவை எவை என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை எளிது. மூச்சுத் திணறல், ஈறு வெளுத்தோ நீலமாகவோ மாறுதல், நிற்காத இரத்தப்போக்கு, மயக்கம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு அல்லது ஒரே நாளில் மீண்டும் வரும் வலிப்பு, பாம்புக்கடி, வாகனம் மோதுதல் ஆகியவற்றில் ஒரு மணி நேரத் தாமதமும் விலை கொடுக்க வைக்கும். மோதிய பின் நாய் தானாக எழுந்து நடந்தாலும் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம்.

இன்னும் சில அவசரங்கள் பார்ப்பதற்கு அவசரமாகத் தோன்றாமல் ஏமாற்றும். ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய் உணவுக்குப் பின் அமைதியற்று உலாவி, வாந்தியெடுக்க மீண்டும் மீண்டும் முயன்று எதுவும் வராமல், வயிறு உப்பிக்கொண்டே போனால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆண் நாய் முக்கி முக்கி நின்றும் சிறுநீர் வராவிட்டால், அதை மலச்சிக்கல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் கழிந்து சில வாரங்களில் சோர்ந்து, தண்ணீரை அளவின்றிக் குடித்தால், கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாமலும் இது வரும். எலி மருந்து தின்றதை நேரில் பார்த்துவிட்டால், நாய் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை மருந்துகள் சில நாட்கள் கழித்தே தம் வேலையைக் காட்டும். மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

103 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு நாளில் பலமுறை வாந்தி, கண்ணைத் திறக்க முடியாமை, காலை ஊன்ற முடியாத நொண்டல் ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வாந்தி, இளகிய மலம், ஒரு வேளை உணவு மறுப்பு ஆகியவற்றை, வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருந்து தண்ணீரும் குடித்துக்கொண்டிருந்தால் மட்டும் 24 மணி நேரம் கவனிக்கலாம். குட்டிகளுக்கும் முதிய நாய்களுக்கும் இந்த விலக்கு இல்லை.

வெறிநோயைத் தனியாகவே சொல்ல வேண்டும். குணம் திடீரென மாறுதல், குரல் கரகரத்தல், தாடை தொங்கி எச்சில் வழிதல், விழுங்க முடியாமை ஆகியவற்றைக் கண்டால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணி வாய்க்குள் கைவிடாதீர்கள். நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டவர் அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றியபின் இந்நோய்க்குச் சிகிச்சை கிடையாது.

படி 5: நம் ஊரில் அடிக்கடி வரும் இரண்டு நோய்களை அறிந்திருங்கள்

முதலாவது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி வீட்டுச் சுவர் விரிசலிலேயே முட்டையிட்டு வாழக்கூடியது. நம் வெப்பத்தில் அதற்கு ஓய்வுக் காலமே இல்லை. அது கடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்ணுயிரி இரத்தத்தில் நுழைகிறது. ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், சோர்வு, உணவு மறுப்பு தோன்றும். பலர் இதை வெயில் சூடு என்று தள்ளிவிடுகிறார்கள். சிகிச்சை இல்லாமலேயே நாய் சில நாட்களில் தேறிவிடுவதும் உண்டு என்பதுதான் இந்நோயின் சூது. கிருமி உடலிலேயே தங்கி, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து எலும்பு மச்சையைத் தாக்கும்போது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து மூக்கிலிருந்து இரத்தம் கொட்டும். வயிற்றுத் தோலிலும் ஈறிலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அந்தக் கட்டத்தில் மீட்பது கடினம். ஆகவே உண்ணி இருந்த நாய் சோர்ந்தால், காய்ச்சல் விட்டுவிட்டாலும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர் காபி நிறமாக மாறினால் அது உண்ணி பரப்பும் மற்றொரு நோயான பபீசியாவாக இருக்கலாம். அன்றே செல்ல வேண்டும்.

இரண்டாவது பார்வோ என்ற வைரஸ் நோய். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைப் பெரும்பாலும் தாக்கும். முதலில் சோர்வு, பின் நிற்காத வாந்தி, அதன்பின் குமட்டும் நாற்றத்துடன் இரத்தக் கழிச்சல் என்று ஓரிரு நாட்களில் வளர்ந்துவிடும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் அதோடு சேரும் நச்சுக்கிருமித் தொற்றும்தான் என்பதால், இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவதை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளி விடுங்கள். அது உடனே படியாமல் கூடாரமாக நின்றால் நீரிழப்பு ஏற்பட்டுவிட்டது. இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரண ஃபினாயிலுக்கும் அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை முறையாகத் தடுப்பூசி போடப்பட்ட குட்டிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

படி 6: புறப்படும் வரை செய்யவேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள். மனிதக் குழந்தைக்குரிய அளவே நாயின் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடலாம். வாந்தியெடுக்கும் நாய்க்கு வற்புறுத்திப் பாலோ தயிர்ச்சோறோ ஊட்ட வேண்டாம். தின்றதைக் கக்கவைக்க உப்புக் கரைசல் புகட்டுவதும் ஆபத்து.

அக்கினி நட்சத்திர நாட்களில் மாடியிலோ காரிலோ அடைபட்ட நாய் கடுமையாக மூச்சிரைத்து, தள்ளாடி, ஈறு செங்கல் நிறமானால் அது வெப்பத்தாக்கு. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இது விரைவில் வரும். நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தினால் சூடு உள்ளேயே அடைபடும். வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நாய் தெளிந்துவிட்டதுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். உள்ளுறுப்புகளின் பாதிப்பு பின்னரே வெளிப்படும்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். அகலமான பட்டைத் துணியால் வாயைக் கட்டலாம். வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் கட்டக் கூடாது.

படி 7: மருத்துவரிடம் தகவலோடு செல்லுங்கள்

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் எது, இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்படும்போது சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம்.

எப்போது தொடங்கியது, எத்தனை முறை வாந்தி, கடைசியாக என்ன தின்றது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். வீட்டில் ஏதேனும் மாத்திரை கொடுத்திருந்தால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவர் எழுதும் மருந்தோடு அது மோதக்கூடும். வலிப்பு, இருமல், நொண்டல் ஆகியவை மருத்துவமனை மேசையில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை என்பதால், செல்பேசியில் எடுத்த காணொளி மிக உதவும். கழிச்சலின் மாதிரியை மூடிய டப்பாவில் கொண்டுசெல்லுங்கள். பார்வோ என்று ஐயமிருந்தால், குட்டியைத் தரையில் விடாமல் வெளியிலேயே நின்று முன்கூட்டித் தெரிவிப்பது மற்ற குட்டிகளுக்கு நீங்கள் செய்யும் நன்மை.

வீடு திரும்பியதும் மருந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்த நாட்கள் முழுவதும் கொடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குப் பொதுவாக டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாட்கள் எழுதுவார்கள்; இரண்டு மூன்று நாட்களில் நாய் துள்ளத் தொடங்கியதும் மீதி மாத்திரைகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன. வெறும் வயிற்றில் கொடுத்தால் கக்கிவிடும் என்பதால் உணவோடு கொடுங்கள். அதே நாட்களில் நாயின் படுக்கையை வெந்நீரில் துவைத்து, சுவர் விரிசல்களுக்கும் கூண்டின் மூலைகளுக்கும் உண்ணி மருந்து அடித்து, மாத்திரை முடிந்தபின் தட்டணு எண்ணிக்கையை மீண்டும் ஒருமுறை பரிசோதித்து, அந்த எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.