வடசென்னைக்குப் பாட்டுக் கருவி கொண்டுபோகிறவர்கள் கவனத்துக்கு

ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சிறிய எம்பி3 பிளேயர் வாங்கிப் போகலாம் என்ற எண்ணம் வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு வருகிறது. விலை அதிகமில்லை, சட்டைப்பையில் அடங்கிவிடும், நாம் விமானம் ஏறிய பிறகும் அவர்களுக்கு ஒரு துணையாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறோம். சென்ற ஆடி மாதம் காலடிப்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு நானும் ஒன்றைக் கொண்டுபோனேன். 14 நாள் விடுப்பில் 9 நாள் அந்தக் கருவியோடு கழிந்தது. வேறு யாருக்கும் அப்படி நாள் வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தொடுதிரை உள்ளதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் பகுதி வீடுகளில் பெண்கள் பாட்டுக் கேட்பது சமையற்கட்டில்தான். காசிமேட்டு மீனை ஆய்ந்துகொண்டிருக்கும் கையில் ஈரமும் செதிலும் இருக்கும். அந்த விரலைத் தொடுதிரை மதிக்காது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும் பொத்தான் உள்ள கருவியாக இருந்தால் புறங்கையாலேயே நிறுத்திவிடலாம். காதில் மாட்டும் ஹெட்போனையும் நம்பாதீர்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது தெரியாமல் போய்விடும் என்ற பயத்தில் இரண்டாம் நாளே அதைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஒலிபெருக்கி உள்ளேயே இருக்கும் கருவியை வாங்குங்கள். இல்லாவிட்டால் கம்பியால் இணைக்கும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். ப்ளூடூத் இணைப்பு ஒருமுறை விட்டுப்போனால் அதை மீண்டும் சேர்த்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்க மாட்டார்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஐபாடைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆப்பிள் நிறுவனம் 2022இல் ஐபாட் வரிசையையே நிறுத்திவிட்டது. அதில் ஒரு பாட்டு சேர்க்க வேண்டுமென்றாலும் அதற்குரிய மென்பொருள் உள்ள கணினி வேண்டும். மெமரி கார்டு போட்டு எடுக்கும் கருவிதான் நமக்கு ஏற்றது. சந்தா கட்டும் செயலியில் இறக்கி வைத்த பாடல்களும் உதவாது. அவை பூட்டப்பட்டவை, அந்தச் செயலிக்கு வெளியே ஒலிக்காது.

கார்டு வாங்கும்போது 32 ஜிபிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. விலை குறைந்த பிளேயர்கள் பல ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும். நொடிக்கு 192 கிலோபிட் தரத்தில் மாற்றிய எம்பி3 கோப்புக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மெகாபைட் (எம்பி) போதும். அந்தக் கணக்கில் 32 ஜிபி கார்டில் 300 மணி நேரத்துக்கு மேல் பாட்டு அடங்கும். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 128 ஜிபி கார்டு மலிவாகக் கிடைத்தபோது, அதை ஃபேட்32ஆகவும் மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னபோது, வாங்கிவிட்டேன். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

நான் புறப்படும் முன்பே 600 திரைப்பாடல்களை இசையமைப்பாளர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் தலைப்பிட்டு ஏற்றியிருந்தேன். அந்தத் தமிழ்த் தலைப்புகள்தாம் முதல் ஏமாற்றம். சின்னக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை. எல்லாத் தலைப்பும் வெறும் கட்டங்களாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத கருவியில் கொம்பும் காலும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். ஆகவே கோப்பின் பெயரை எண்ணால் தொடங்குங்கள், அதுவும் 001, 002 என்று மூன்று இலக்கத்தில். வெறும் 1, 2 என்று கொடுத்தால் பல கருவிகளில் 1க்கு அடுத்து 10 வரும், அதன் பிறகு 11 வரும், 2 எங்கோ பின்னால் போய்விடும். இன்னும் சில கருவிகள் பெயரையே பார்ப்பதில்லை. கார்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். அத்தகைய கருவிக்கு எல்லாவற்றையும் மொத்தமாக இழுத்துப் போடாமல், வரிசைப்படி ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறி, வண்டி மாறாமல் காலடிப்பேட்டையிலேயே இறங்கினேன். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே விம்கோ நகர் வரை அந்தப் பாதை நீண்டது 2021இல். நான் 1998இல் கிளம்பியபோது இதே தூரத்தைக் கடக்க இரண்டு பேருந்து மாறி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டியிருந்தது. பெட்டி இரண்டுக்கு மேல் இல்லாதவர்கள் மெட்ரோவிலேயே வரலாம்.

அத்தை ஒரு நாள் முழுக்க என் பாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் காலை பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே 21 கேசட்டுகள், எல்லாம் சி-60, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடுபவை. எண்பதுகளில் தண்டையார்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியவை. "இதுல இருக்கறது எல்லாம் அதுல ஏத்திக் குடுத்துட்டுப் போடா கண்ணு, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த அவருடைய டூ-இன்-ஒன்னில் பெல்ட் அறுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும் என்று எண்ணிக்கொண்டே புறப்படுங்கள். கேசட்டைக் கணினிக்கு மாற்றுவதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் தேவை. யூ.எஸ்.பி.யில் செருகும் சிறிய ஒலிப்பதிவு அடாப்டர் ஒன்றை நீங்கள் இருக்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினிகளில் உள்ள ஒற்றைத் துளை பெரும்பாலும் ஒற்றைத் தட மைக்குக்கு மட்டுமே ஆனது. அதன் வழியே பதிந்தால் இரண்டு தட ஒலி கிடைக்காது. பதிவுக்கு அடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொடாதபடி குறைத்து வைத்துக்கொண்டு, கம்பி வழியாகவே பதியுங்கள். ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் காலை 5 மணிக்கே தொடங்கிவிடும். மைக் வைத்துப் பதிந்திருந்தால் 21 கேசட்டிலும் அந்த ஒலிதான் இருந்திருக்கும்.

கடற்காற்றில் இருந்த கேசட்டை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலைச் செருகிக் கையால் சில சுற்றுச் சுற்றி இறுக்கம் தளர்ந்த பிறகு, ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். பிளேயரின் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு மூன்று கேசட்டுக்கும் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்துகொண்டே இருந்தது. டூ-இன்-ஒன்னுக்குப் புது பெல்ட், மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைத்தது. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோனதால்தான் சரியான அளவு அமைந்தது.

நான்கு நாளில் 21 மணி நேரத்தையும் பதிந்துவிட்டேன். தரம் குறையக் கூடாது என்ற ஆர்வத்தில் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருந்தேன். அதற்கு நிமிடத்துக்கு 10 எம்பி வேண்டும், மொத்தம் ஏறத்தாழ 13 ஜிபி. பாட்டு பாட்டாக வெட்டி, தலைப்புக் கொடுத்து, புதிய கார்டுக்கு நகர்த்தினேன். மடிக்கணினியில் இடம் இல்லாததால் நகலை அழித்துவிட்டேன். பயணத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

அத்தை முதல் பாட்டு முடியும் வரை தலையாட்டிக் கேட்டார். இரண்டாவது தொடங்கியதும் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டார். "இன்னாடா இது, இதுக்கு அப்பறம் அந்தப் பாட்டுல்ல வரணும்? மாத்திப் போட்டுட்டியே." கருவி அகர வரிசையில் அடுக்கியிருந்தது. ஒரு கேசட்டின் முதல் பக்கக் கடைசியில் பாதியில் அறுபடும் பாட்டுக்குப் பதிலாக, இணையத்திலிருந்து முழுப் பாட்டையே எடுத்துச் சேர்த்திருந்தேன். அதையும் வேண்டாம் என்றார். நாடா முடிந்து பொத்தான் 'டக்' என்று எழும்பும்போது, மிச்ச இரண்டு வரியை அத்தை தானே பாடி முடிப்பது வழக்கம். சிறுவயதில் நூறு முறை கேட்ட எனக்கு அது நினைவில் இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் முழுக்க எண் கொடுத்து வரிசையைச் சரிசெய்தேன். அதற்கடுத்த நாள் 13ஆவது கேசட்டிலிருந்து ஒன்றும் ஒலிக்கவில்லை. பெயர் தெரிந்தது, நேரம் ஓடியது, சத்தம் இல்லை. 128 ஜிபி என்று எழுதியிருந்த அந்தக் கார்டின் உண்மையான கொள்ளளவு 8 ஜிபிதான். போலிக் கார்டு தன் அளவைப் பற்றிக் கணினியிடம் பொய் சொல்லும். நகலெடுக்கும்போது பிழை எதுவும் காட்டாது. எந்தக் கார்டை எங்கே வாங்கினாலும், விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளாலும், லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3 என்ற மென்பொருளாலும் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

ஒன்பது கேசட்டை மறுபடி பதிய வேண்டும் என்று தெரிந்தபோது நான் அத்தையிடம் கத்திவிட்டேன். எந்த வரிசையில் வந்தால் என்ன, பாட்டு பாட்டுதானே, இதற்காகவா லீவு போட்டு வந்தேன் என்றெல்லாம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கேசட்டுகளைத் துணியால் துடைத்து, உறைகளைத் தனியே எடுத்து என் பக்கத்தில் அடுக்கினார்.

அந்த உறைகளை அப்போதுதான் பார்த்தேன். நீல மையில் மாமாவின் கையெழுத்து. ஓர் உறையில் நான்காவது பாட்டை அடித்துவிட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். இன்னொன்றில் ஒரு பாட்டின் எதிரே "இவளுக்கு" என்று மட்டும் இருந்தது. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து அந்தச் சீட்டை அவர் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். 2009இல் அவர் காலமானபோது என் பாஸ்போர்ட் விசா விண்ணப்பத்தோடு இருந்தது, நான் வரவில்லை. தொலைபேசியில்தான் அழுதேன்.

ஆகவே கேசட் உறையைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பதிவைத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, கேசட்டிலும் உறையிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பாட்டு பாட்டாக வெட்டவும் வெட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்தால் வேலையும் குறையும், வரிசையும் கலையாது. 01அ, 01ஆ என்று எழுதினால் எழுத்துரு இல்லாத கருவியில் பெயர் கட்டமாகிவிடும் என்பதால், 011, 012, 021, 022 என்று எண்ணாலேயே கொடுத்தேன். முதல் இரண்டு இலக்கம் கேசட், கடைசி இலக்கம் பக்கம். 42 கோப்புகளையும் எம்பி3ஆக மாற்றியதும் மொத்தமே 2 ஜிபிக்குள் முடிந்தது. பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்து, வரிசையாகப் பாடும்படி அமைத்து, தானாக அணையும் நேரத்தை ஒரு மணி நேரமாக வைத்தேன். பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் சில கருவிகளில் இந்த அமைப்புகள் மாறிவிடும். மறுபடி அமைக்க எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சமையற்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அத்தையை ஆடி வெள்ளியில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு வெள்ளியும் பதிவிலேயே போய்விட்டன. கோயிலுக்கு என்று ஒரு நாளை முதலில் ஒதுக்கி, மற்ற நாளில் கேசட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு கார்டை இன்னொரு நகல் எடுத்தேன். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றொன்றைச் சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அத்தை குடும்ப அட்டையும் மாமாவின் பென்ஷன் புத்தகமும் வைத்திருக்கும் துணிப்பையில் வைத்தேன். கேசட்டுகளைத் தகரப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கினோம். பரணில் ஏற்ற வேண்டாம், கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும் என்றார்.